காற்றுக்கு மூன்று லட்சமா?

மெரினாவில் பலூன் சுட்டுப் பார்க்காத சென்னைவாசிகள் குறைவு. குழலை மடக்கி, ஓர் ஈயக் குண்டைத் திணித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் பத்துக்கு நான்கு பலூன் வெடிக்கும். மீதி ஆறுக்கும் பழியைத் துப்பாக்கியின் மேல் போட்டுவிட்டு நடையைக் கட்டலாம். சில்லறைக் காசோடு முடிகிற விஷயம்.

அதே ஏர் ரைபிள் ஜெர்மனியிலிருந்தோ ஆஸ்திரியாவிலிருந்தோ போட்டிக்கென்று தயாராகி வந்து இறங்கும்போது விலை இரண்டு லட்சத்தைச் சுலபமாகத் தாண்டுகிறது. கூடச் சேர வேண்டிய சாமான்களையும் கணக்கிட்டால் மூன்று லட்சம் ஆச்சரியமில்லை. குண்டு அதே 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு. அதைத் தள்ளுவதும் அதே காற்று. பிறகு காசு எதற்கு?

பொழுதுபோகாமல் கேட்கப்படும் கேள்வியல்ல இது. பெங்களூர் அல்சூரில் இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வது கஷ்டமில்லை. ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகம். வீட்டுத் தாத்தா அந்தப் படையில் ‘தம்பி’யாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவுக்கு மாதச் சம்பளம். பதினான்கு வயது மகள் ஒன்றரை வருடமாக ரைபிள் கிளப்பில் பயிற்சி பெறுகிறாள். கூடச் சுடும் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொந்தத் துப்பாக்கி வாங்கிவிட்டார்கள். அவளுக்கு மட்டும் கிளப்பின் பழைய துப்பாக்கி. ஸ்கோர் ஏறாததற்கு அதுதான் காரணம் என்கிறாள் அவள். பேத்தி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது தாத்தாவின் கட்சி. கல்லூரிக்கென்று போட்டு வைத்த வைப்புத்தொகையை உடைக்கலாமா என்று அப்பா யோசிக்கிறார். அம்மா கேட்பது ஒன்றே ஒன்று: “மூணு லட்சம் போட்டா எத்தனை பாயின்ட் ஏறும்?”

அந்த வீட்டில் கேட்கப்பட்டதிலேயே உருப்படியான கேள்வி அதுதான். அதற்குக் கணக்கோடு பதில் சொல்ல முடியும்.

சிலிண்டருக்குள் என்ன?

இந்த ரகத்தை பிசிபி என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். காற்றை முன்கூட்டியே அழுத்தி அடைத்து வைத்த துப்பாக்கி என்று பொருள். குழலுக்குக் கீழே ஒரு சிலிண்டர். போட்டி ரைபிள்களில் பொதுவாக அதில் 200 பார் அழுத்தம் வரை காற்றை நிரப்புகிறார்கள். கார் டயரில் இருப்பதைப்போல் சுமார் 90 மடங்கு. டிரிக்கரைத் தொட்டதும் ஒரு சிறு சுத்தியல் வால்வைத் தட்டுகிறது. இம்மி நேரம் வால்வு திறந்து மூடுகிறது. வெளியே வந்த காற்று குண்டைத் தள்ளிக்கொண்டு போகிறது.

இதில் புதுமை எதுவும் இல்லை. 1780 வாக்கிலேயே ஆஸ்திரிய ராணுவத்திடம் ஜிரார்டோனி என்பவர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கி இருந்தது. பின்கட்டையே காற்றுக் குடுவை. வரிசையாக இருபது குண்டுகள் சுடும். ஒரு குடுவையை நிரப்ப 1,500 தடவை பம்ப் அடிக்க வேண்டும் என்பதுதான் தொல்லை. 1803-ல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயக் கிளம்பிய லூயிஸ்-கிளார்க் குழுவும் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கையோடு கொண்டு போயிற்று.

போட்டி மைதானத்துக்கு இந்த முறை திரும்பி வர நெடுங்காலம் ஆயிற்று. 1966-ல் ஏர் ரைபிள் உலக சாம்பியன்ஷிப்பில் சேர்ந்தபோதும், 1984-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இடம்பிடித்தபோதும் ஸ்பிரிங்கும், ஒரு தடவை நெம்புகோலை இழுத்து அப்போதைக்கு மட்டும் காற்றை அழுத்தும் வகையும்தான் கோலோச்சின. ஸ்பிரிங் துப்பாக்கியில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. டிரிக்கரை இழுத்ததும் உள்ளே ஒரு கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது. குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கி குலுங்கிவிடுகிறது. அதை அடக்கப் பொறியாளர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். அழுத்திய காற்றை வெறுமனே திறந்துவிடும் பிசிபி அந்தக் குலுக்கலையே இல்லாமல் செய்தது. இன்று சர்வதேசப் போட்டிகளில் வரிசையாக நிற்பவை ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ், ஸ்டெயர் போன்ற நிறுவனங்களின் பிசிபி ரைபிள்கள்தான்.

வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, “எவ்வளவு வேகம்?” என்று. பதில் ஏமாற்றம் தரும். போட்டி ரைபிளின் குண்டு நொடிக்கு சுமார் 170 முதல் 175 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. விலை குறைந்த ஸ்பிரிங் துப்பாக்கிகள் பல இதைவிட வேகமானவை. அரை கிராமை ஒட்டிய எடையுள்ள குண்டில் இருக்கும் ஆற்றல் 8 ஜூல் அளவுதான். பத்து மீட்டரில் இருக்கும் காகிதத்தைத் துளைக்க இதுவே தாராளம்.

விலை வேகத்துக்கு இல்லை. முதல் குண்டு எப்படிப் போனதோ அப்படியே அறுபதாவது குண்டும் போக வேண்டும் என்பதற்குத்தான் அத்தனை காசும்.

இதைச் சாதிப்பது ரெகுலேட்டர் என்கிற சிறு பாகம். சமையலறை கேஸ் சிலிண்டரின் தலையில் உட்கார்ந்திருப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. சிலிண்டர் நிறைய இருந்தாலும் பாதி இருந்தாலும் அடுப்பில் சுடர் ஒரே அளவில் எரிகிறது அல்லவா? ரெகுலேட்டர் இல்லாத பிசிபியில் அது நடக்காது. சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தமே வால்வைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். குண்டு மெதுவாகப் போகும். காற்று குறையக் குறைய வால்வு தாராளமாகத் திறந்து வேகம் ஏறும். இன்னும் குறைந்தால் தள்ளப் போதிய காற்றில்லாமல் வேகம் இறங்கிவிடும். மலை ஏறி இறங்குகிற மாதிரி.

கால் மில்லிமீட்டர் கணக்கு

அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு பாதிக்கும்? பத்து மீட்டர் இலக்கு அட்டையில் பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். பேனா முனை வைத்த புள்ளி மாதிரி. பாய்ந்து வரும் குண்டின் ஓரம் அதைத் தொட்டாலே பத்து. ஒரு காலத்தில் தகுதிச் சுற்றில் அவ்வளவுதான் கணக்கு. கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூரில் பிறந்த சுமா ஷிரூர் 2004-ல் கோலாலம்பூர் ஆசிய சாம்பியன்ஷிப்பில் நாற்பது குண்டுக்கு நானூறு எடுத்தார். அதற்கு மேல் எடுக்க வழியே இல்லை.

2013-லிருந்து நிலைமை மாறிவிட்டது. தகுதிச் சுற்றிலும் தசமப் புள்ளி வந்தது. இப்போது பத்து என்பது 10.0-லிருந்து 10.9 வரை பத்துப் படிகள். ஒவ்வொரு படிக்கும் கால் மில்லிமீட்டர். குண்டின் மையம் இலக்கின் நடுவிலிருந்து கால் மில்லிமீட்டருக்குள் விழுந்தால் 10.9. இரண்டேகால் மில்லிமீட்டர் தள்ளிப் போனால் 10.0. அறுபது குண்டும் 10.0 என்றால் 600, அறுபதும் 10.9 என்றால் 654. பழைய கணக்கில் இரண்டும் ஒன்றே. இன்று இடையில் 54 புள்ளிகள். விலையுயர்ந்த ரைபிள்களின் வியாபாரம் நடப்பது இந்த இடைவெளியில்தான்.

வேகத்தை இத்துடன் பொருத்திப் பார்க்கலாம். நொடிக்கு 172 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு பத்து மீட்டரைக் கடக்கும்போது புவியீர்ப்பால் ஏறத்தாழ பதினாறரை மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது. சைட்டைத் திருப்பி அதைச் சரிக்கட்டிவிடலாம். ஆனால் அடுத்த குண்டு 169 மீட்டர் வேகத்தில் போனால் இன்னும் 0.6 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கும். வெறும் மூன்று மீட்டர் வேக வித்தியாசத்தில் இரண்டு படிகளுக்கு மேல் போயிற்று. சுடுபவரின் கை இம்மியும் அசையாதபோதே இந்த நஷ்டம். நல்ல ரெகுலேட்டருக்குக் கொடுக்கும் காசு இதைத் தடுக்கத்தான்.

கையில் எடுத்ததும்

கடையில் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்து, “அருமையா இருக்கு” என்று சொல்வது சோதனையாகாது. முறையாகப் பார்க்க ஒரு நாள் முழுக்க வேண்டும். முதல் நாள் மாலையே ஆரம்பிப்பது இன்னும் நல்லது.

முதலில் சிலிண்டர். அதன் மேல் தயாரித்த தேதி பொறித்திருக்கும். போட்டி விதிப்படி சிலிண்டர் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டியது வீரரின் பொறுப்பு; அதிகபட்ச ஆயுள் பத்து வருடம். பழைய துப்பாக்கியை மலிவாகத் தருகிறேன் என்று வருகிறவர் இதைச் சொல்ல மறந்துவிடலாம். ஒன்பது வயது சிலிண்டரோடு வரும் ரைபிளுக்கு அடுத்த வருடமே புது சிலிண்டர் வாங்க வேண்டியிருக்கும். அதையும் விலையில் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

மாலையில் நிரப்பி, அழுத்தத்தைக் குறித்துவைத்து, காலையில் மறுபடி பார்க்க வேண்டும். முள் இறங்கியிருந்தால் உடனே கசிவு என்று முடிவு கட்டக் கூடாது. 200 பாரில் பத்து டிகிரி குளிர்ந்தாலே ஏழு பார் அளவு குறையும். பெங்களூரில் பகலுக்கும் விடியற்காலைக்கும் அந்த வித்தியாசம் சகஜம். அறை மறுபடி பழைய சூட்டுக்கு வந்த பிறகும் முள் ஏறவில்லை என்றால்தான் ரப்பர் வளையங்களைச் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது வேகச் சோதனை. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவியை முன்னால் வைத்து அறுபது குண்டுகளையாவது தொடர்ந்து சுட வேண்டும். பத்தோடு நிறுத்தினால் எந்தத் துப்பாக்கியும் யோக்கியமாகத்தான் தெரியும். சராசரியைவிட, அதிகபட்ச வேகத்துக்கும் குறைந்தபட்ச வேகத்துக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். இன்னொரு தந்திரமும் உண்டு. துப்பாக்கியைக் கால் மணி நேரம் சும்மா வைத்துவிட்டு மறுபடி சுட வேண்டும். அந்த முதல் குண்டு மட்டும் வேகமாகப் பாய்ந்தால், சும்மா இருக்கும் நேரத்தில் ரெகுலேட்டர் வழியே அழுத்தம் மெல்ல மெல்ல ஏறுகிறது என்று அர்த்தம். போட்டியில் ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே வீரர் மூச்சு வாங்க நிறுத்துவார். அப்போது இந்தக் கோளாறு காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது குழலும் குண்டும். ரைபிளைக் கிடுக்கியில் இறுகப் பிடித்து, மனிதக் கை படாமல் பத்துக் குண்டுகளை ஒரே இடத்தில் சுட வேண்டும். துளையின் வெளி விட்டத்தை அளந்தால் துப்பாக்கியின் ஜாதகம் தெரியும். ஒரு குண்டின் துளையே நாலரை மில்லிமீட்டர். பத்துக் குண்டும் சேர்ந்து ஐந்து மில்லிமீட்டரை ஒட்டி ஒரே ஓட்டையாக விழுந்தால் முதல் தரம். புதுத் துப்பாக்கியோடு தொழிற்சாலையில் சுட்ட ஒரு சோதனை அட்டையும் வருவதுண்டு. ஆனால் அது தொழிற்சாலையில் கிடைத்த குண்டு. இங்கே வாங்கப்போகும் குண்டு வேறு. போட்டிக் குண்டுகளில் தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தனித்தனி டப்பாக்கள் உண்டு. ஒரு குழலுக்கு இதில் ஒன்று பிடிக்கும், மற்றது பிடிக்காது. எது என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். பொருத்தமான டப்பாவைக் கண்டுபிடித்தால் அதே தயாரிப்புத் தொகுதியில் மொத்தமாக வாங்கி வைத்துவிடுவது வீரர்களின் வழக்கம்.

நான்காவது டிரிக்கர். நல்ல போட்டி ரைபிளில் அது இரண்டு கட்டமாக நகரும். முதல் கட்டம் லேசாக வந்து ஓர் இடத்தில் நிற்கும். அங்கிருந்து நூறு கிராமுக்கும் குறைவான அழுத்தத்தில் விடுபட வேண்டும். அந்த நிற்கும் இடம் ஒவ்வொரு தடவையும் அதே இடமாக இருக்கிறதா, விடுபடும்போது சொரசொரப்பு இல்லாமல் இருக்கிறதா என்று விரல் சொல்லும். குண்டு போடாமல் வெறுமனே ஐம்பது தடவை இழுத்துப் பார்ப்பதற்கான வசதியும் இந்த ரைபிள்களில் உண்டு.

ஐந்தாவது சைட். பத்து மீட்டர் போட்டியில் டெலஸ்கோப் வைக்கக் கூடாது. பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம், அதன் நடுவில் கருப்பு இலக்கு. பின் சைட்டை இருபது கிளிக் மேலே, இருபது வலது, இருபது கீழே, இருபது இடது என்று திருப்பி ஒவ்வொரு மூலையிலும் சுட வேண்டும். ஐந்தாவது குண்டு முதல் துளையிலேயே வந்து விழுந்தால் திருகுகள் நம்பகமானவை.

சைட்டுக்கு என்ன மரியாதை என்பதை பெய்ஜிங்கில் நடந்தது சொல்லும். 2008 ஆகஸ்ட் 11-ம் தேதி அபினவ் பிந்த்ரா 596 புள்ளிகளோடு இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தார். அதற்கு முன்னோட்டமாகச் சுட்டபோது குண்டு எங்கோ போய் விழுந்தது. சைட் இடம் மாறியிருந்தது என்று பின்னாளில் அவர் சொன்னார். பதறாமல் சரிசெய்துகொண்டு சுட்டார். கடைசிக் குண்டுக்கு முன் ஃபின்லாந்தின் ஹென்ரி ஹாக்கினனும் அவரும் சம நிலை. பிந்த்ரா சுட்டது 10.8. மொத்தம் 700.5. தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம். சைட்டைத் திருப்பினால் குண்டு எங்கே போகும் என்று திருப்புபவருக்குத் தெரிந்திருந்தது. துப்பாக்கியும் சொன்னபடி கேட்டது.

கடைசியாக உடம்புக்குப் பொருத்தம். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்பார்கள் பயிற்சியாளர்கள். போட்டி ரைபிளின் எடைக்கு உச்ச வரம்பு ஐந்தரைக் கிலோ. அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்து எடுத்து வைக்க வேண்டும். பதினான்கு வயதுப் பெண்ணின் தோளுக்கும் கன்னத்துக்கும் கைக்கும் ஏற்றபடி பின்தட்டு, கன்னக் கட்டை, கைப்பிடி எல்லாம் நகர வேண்டும். அடுத்த மூன்று வருடத்தில் அவள் வளர்வாள்; அப்போதும் நகர இடம் இருக்க வேண்டும். அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தங்கைக்குப் போட்ட கதை இங்கே செல்லாது.

இருபது ஜூல் கோடு

விலை உயர்ந்த பிசிபி என்றதும் பலர் மனதில் வருவது வேறு வகைத் துப்பாக்கி. வெளிநாட்டு வீடியோக்களில் டெலஸ்கோப் பூட்டி, நூறு மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கைப் பிளக்கும் ரகம். இந்திய வாசகர் அந்த வீடியோக்களைப் பார்த்து விலை பேசினால் சிக்கலில்தான் முடியும். 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 20 ஜூல் ஆற்றலைத் தாண்டினாலோ குழலின் அளவு 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ அந்த ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டும். 5.5 மில்லிமீட்டர் குழல் என்றால் ஆற்றல் எவ்வளவு குறைந்தாலும் அதே கதைதான். 8 ஜூல் போட்டி ரைபிள் இந்தக் கோட்டுக்கு வெகு கீழே இருக்கிறது. இருந்தாலும் ரசீதையும் ஆற்றல் அளவைக் குறிக்கும் தயாரிப்பாளரின் சான்றையும் துப்பாக்கிப் பெட்டியிலேயே வைத்திருப்பது புத்திசாலித்தனம். ரயிலிலோ வாசலிலோ கேட்கும் போலீஸ்காரரிடம் ஜூல் கணக்கை வாயால் விளக்க முடியாது. சுத்தியலின் ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்பவர்களிடம் துப்பாக்கியைக் கொடுத்தால் அந்தச் சான்று செல்லாக் காகிதமாகிவிடும்.

லைசென்ஸ் வேண்டாம் என்பதற்கு எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று பொருள் இல்லை. அல்சூர் ஏரிக்கு வரும் நாரையையும் நீர்க்காகத்தையும் 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. தெரு நாயைச் சுட்டால் அதற்கும் சட்டம் உண்டு. அருணாசலப் பிரதேசத்தில் ஏர் கன்களால் காட்டுப் பறவைகள் அழிவதைப் பார்த்து 2021-ல் அரசே ஓர் இயக்கம் தொடங்கியது. கிராமத்து மக்கள் தாங்களாகவே ஆயிரக்கணக்கில் ஏர் கன்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய அல்சூர்ச் சந்துகளில் மொட்டை மாடியில் நின்று பயிற்சி எடுப்பது பக்கத்து வீட்டாரின் கண்ணோடு விளையாடுவது. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி, குண்டு போடாமல் துப்பாக்கியைப் பிடித்து நிற்பது. ஸ்கோர் அதில்தான் ஏறுகிறது என்பது பயிற்சியாளர்கள் சலிக்காமல் சொல்லும் பாடம்.

விலைச்சீட்டில் இல்லாத செலவு

நாளுக்கு நூறு குண்டு, மாதத்துக்கு இருபத்தைந்து நாள் என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,500 குண்டு. ஐந்நூறு குண்டு டப்பாக்கள் ஐந்து. வருடத்துக்கு அறுபது டப்பா. இதுபோக, முதுகைத் தாங்கும் கனமான ஜாக்கெட், பேன்ட், தட்டையான ஷூ, கையுறை, கிளப் கட்டணம், போட்டிக்குப் போகும் ரயில் செலவு. துப்பாக்கிக்கே மொத்தப் பணத்தையும் கொட்டிவிட்டு ஜாக்கெட்டுக்குக் கடன் வாங்குகிற குடும்பங்கள் கணக்கை முதலிலேயே தப்பாகப் போட்டவை.

காற்று இலவசம்தான், நிரப்புவது இலவசமில்லை. கைப்பம்பில் 200 பார் ஏற்றுவது நல்ல உடற்பயிற்சி, மூச்சு வாங்கும். ஸ்கூபா டைவர்கள் பயன்படுத்தும் பெரிய சிலிண்டரிலிருந்து நிரப்புவது சௌகரியம். எதுவானாலும் காற்றில் ஈரம் இருக்கக் கூடாது. சிலிண்டரின் உள்ளே வெளியில் தெரியாமல் அரித்துவிடும். ஆஸ்பத்திரியில் கிடைக்கிற ஆக்சிஜனை நிரப்பலாமே என்று யாராவது யோசனை சொன்னால் அவரைத் துப்பாக்கி பக்கமே விடக் கூடாது. மசகெண்ணெய் பட்ட இடத்தில் அழுத்தம் மிகுந்த ஆக்சிஜன் சேர்ந்தால் வெடித்துவிடும். விமானத்தில் போவதென்றால் சிலிண்டரைக் காலி செய்துதான் அனுப்ப வேண்டும். குண்டுகள் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. குழந்தைகள் வீட்டில் இது கண்டிப்பான விதியாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: உடைந்தால் யார் சரிசெய்வது? 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கின் பத்து மீட்டர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டல் நடுவிலேயே பழுதானது. ஒரு நெம்புகோல் உடைந்துவிட்டது. பழுது பார்த்துத் திரும்புவதற்குள் பொன்னான நிமிடங்கள் போயிருந்தன. அவசர அவசரமாகச் சுட்டு 575 எடுத்தார். இறுதிச் சுற்றுக்கு 577 வேண்டியிருந்தது. மூன்று வருடம் கழித்து பாரிஸில் இரண்டு வெண்கலப் பதக்கம் வாங்கி அந்தக் கணக்கை அவர் தீர்த்துக்கொண்டது தனிக்கதை. உலகத் தரமான ஆயுதமும் உடையும் என்பதுதான் பாடம். வாங்கும் முன்பே ரப்பர் வளையங்கள், சுத்தியல் ஸ்பிரிங், வால்வு சீல் எல்லாம் ஒரு செட் கைவசம் கிடைக்குமா, ஊரில் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இருக்கிறாரா, ரெகுலேட்டர் பழுதானால் ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மழுப்பலான பதில் வந்தால் விலையில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் பிரயோஜனமில்லை.

அம்மாவின் கேள்விக்கு விடை

இப்போது அல்சூர் வீட்டுக்குத் திரும்பலாம். மூன்று லட்சம் போட்டால் எத்தனை பாயின்ட் ஏறும்?

மகளின் ஸ்கோர் 600 என்று வைத்துக்கொள்வோம். குண்டுக்குச் சராசரி 10.0. அதாவது அவள் குண்டுகள் நடுவிலிருந்து இரண்டேகால், இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி விழுகின்றன. இனி கிளப்பின் பழைய துப்பாக்கியைக் கிடுக்கியில் பிடித்துப் பத்துக் குண்டு சுட வேண்டும். துளையின் வெளி விட்டம் ஆறு மில்லிமீட்டர் வந்தது என்போம். குண்டின் நாலரையைக் கழித்தால் ஒன்றரை. நடுவிலிருந்து எந்தப் பக்கமும் முக்கால் மில்லிமீட்டர். இந்தத் துப்பாக்கி தன்னிஷ்டத்துக்குச் சுட்டால் எந்தக் குண்டும் 10.6-க்குக் கீழே போகாது. அப்படியானால் அவள் இழக்கும் 0.9-ல் துப்பாக்கியின் பங்கு அதிகம் போனால் மூன்றில் ஒன்று. நடைமுறையில் இன்னும் குறைவு. ஏனென்றால் துப்பாக்கியின் தவறு சில சமயம் கையின் தவறை ஈடுகட்டியும் விடும். மிச்சமெல்லாம் தோள், மூச்சு, விரல், மனசு.

இதே சோதனையில் பழைய துப்பாக்கியின் ஓட்டை எட்டு, ஒன்பது மில்லிமீட்டருக்கு விரிந்தால் கதை வேறு. அப்போது மகள் சொன்னது நியாயம். முதலில் குண்டு டப்பாவை மாற்றிப் பார்த்து, ரப்பர் வளையங்களைப் புதுப்பித்துப் பார்த்து, அதற்கும் அடங்காவிட்டால் வைப்புத்தொகையைப் பற்றிப் பேசலாம். அவள் 625, 630 என்று ஏறி, குண்டுகள் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி விழ ஆரம்பித்தாலும் கதை வேறுதான். அந்த உயரத்தில் துப்பாக்கியின் முக்கால் மில்லிமீட்டர் பெரிய பாரம். அப்போது நல்ல ரைபிளுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அட்டையில் தெரியும். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்து 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் நிற்கும் இடம் அது.

ஆக, சுடுபவரின் வட்டம் சுருங்கிச் சுருங்கித் துப்பாக்கியின் வட்டத்தை நெருங்கும் நாள்தான் வாங்குவதற்கான நாள். அதுவரை செலவழிக்க வேண்டியது அளவான ஜாக்கெட்டுக்கும், ஒரே தொகுதியில் வாங்கிய குண்டுக்கும், கிளப் துப்பாக்கியின் பின்தட்டை அவள் தோளுக்கு ஏற்றபடி நகர்த்தித் தரும் பயிற்சியாளருக்கும்.

சோதனைக்கு ஆகும் செலவு பத்துக் குண்டு, ஒரு கிடுக்கி, ஒரு அளவுகோல். அல்சூர் வீட்டின் வைப்புத்தொகையைத் தொடும் முன் தாத்தாவும் அப்பாவும் மகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போய் அந்த ஓட்டையை அளந்துவிட்டு வரலாம். அட்டையை அம்மாவிடம் கொடுத்தால் மீதிக் கணக்கை அவரே போட்டுவிடுவார்.